மாகறல்காரன் கண்ட வாடி

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், முழங்காலைத் தவிர. "பாலைவனத்துல மணலை விட்டா என்னடா இருக்கும்?" என்று கேட்டீர்களே, அதைப் பார்க்கத்தான் இன்று வாடி ஷாபுக்குப் போனேன். பயப்பட வேண்டாம், அத்தையை யாரும் அதட்டவில்லை; மழைக்கு ஓடும் காட்டாற்றுப் பள்ளத்தாக்குக்கு அரபியில் 'வாடி' என்று பெயர்.

சூர் போகும் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பாலத்தடியில் படகு ஏறினால் ஒரே நிமிடத்தில் அக்கரை. போக வர ஒரு ரியால். நம் பணத்தில் இருநூறுக்கு மேல். செய்யாற்றை வேட்டி நனையாமல் நடந்தே கடந்தவனுக்கு வயிறு எரியாதா?

அப்புறம் முக்கால் மணி நேர நடை. இருபுறமும் பாறைச் சுவர், நடுவே பேரீச்சை, வாழை, பச்சைப் பசேலென்று மடுக்கள். பாறையை ஒட்டி ஒரு வாய்க்காலும் கூடவே வருகிறது. ஃபலஜ் என்கிறார்கள். நம்ம ஊற்றுக்கால்தான் மாமா! ஊற்றுத் தண்ணீரைச் சரிவிலேயே நடத்திப்போய், இன்னாருக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது. ஒமானில் இப்படி ஐந்து வாய்க்கால்களை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊற்றுக்காலில் குப்பை கொட்டியவனோடு நீங்கள் கட்டிப் புரண்டது ஞாபகம் வந்தது.

வழியில் பாறைமேல் ஒன்று தலையைத் தூக்கி வெயில் காய்ந்தது. கை தானாகக் குவிந்துவிட்டது. ஈசன் உடும்பாக வந்த ஊர்க்காரன் ஆயிற்றே! "சேட்டா, இது ஓணான்" என்றார் கூட வந்த மலையாளி. நான் கையை இறக்கவில்லை.

கடைசியில் மடுக்களை நீந்தித்தான் கடக்க வேண்டும். சுரைக்குடுக்கை கட்டி ஏரியில் நீங்கள் பழக்கிய நீச்சல் காப்பாற்றியது. சற்று நின்றால் பொடிமீன்கள் பாதத்தை மொய்த்துக் கடிக்கின்றன. குழித்தறியில் மிதித்து மிதித்து வெடித்த உங்கள் பாதம் வந்தால் அவற்றுக்குக் கல்யாண விருந்து. முடிவில் பாறை இடுக்கு, தண்ணீருக்கு மேலே தலை மட்டும்தான் நுழையும். கைலாசநாதர் கோயிலில் தவழ்ந்து சுற்றுவோமே, அதையே தண்ணீரில் செய்வதுபோல. உள்ளே குகை, அரையிருட்டில் ஓர் அருவி கொட்டுகிறது! வாய் பிளந்தேன், மூக்கு வழியாகவும் தண்ணீர் குடித்துவிட்டேன்.

2012-ல் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கும் உலகப் போட்டி இங்கே நடந்ததாம். நான் குதிக்கவில்லை, அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

போட்டோ கேட்காதீர்கள். மூன்று பிளாஸ்டிக் பை சுற்றியும் போன் முங்கிவிட்டது. இப்போது ஒரு கிலோ பொன்னி அரிசிக்குள் படுத்திருக்கிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் மருமான்