சவப்பெட்டி தூக்க ஆள் தேவை

பெறுநர்: நடிகர் தேர்வுத் துறை, வால்ட் டிஸ்னி நிறுவனம், பர்பாங்க், கலிஃபோர்னியா.

பொருள்: ‘ஸ்னோ ஒயிட்’ படத்தை அடுத்த முறை எடுக்கும்போது யாரை நடிக்க வைக்கலாம் என்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அடுத்த முறை என்றதும் திடுக்கிட வேண்டாம். 2025 மார்ச்சில் வந்த படம் போட்ட முதலைக்கூட எடுக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நீங்கள் விடமாட்டீர்கள். சிண்ட்ரெல்லா, பெல், ஜாஸ்மின், ஏரியல் என்று கார்ட்டூனில் நிம்மதியாக இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூட்டி வந்து ரத்தமும் சதையுமாக நடமாட விட்டவர்கள் ஆயிற்றே. இன்னொரு சுற்று கண்டிப்பாக வருவீர்கள். அதற்குள் என் சிபாரிசுகளை அனுப்பிவிடுகிறேன்.

கதாநாயகியாக ரேச்சல் ஸெக்லரைப் போட்டீர்கள். அவருடைய தாய்வழி கொலம்பியா என்பதால், பனி மாதிரி வெளுத்த தோல் எங்கே என்று ஒரு கூட்டம் கொதித்தது. படத்திலோ, பனிப்புயல் அடித்த நாளில் பிறந்தவள், அதனால் அந்தப் பெயர் என்று பிறப்புச் சான்றிதழையே திருத்திவிட்டீர்கள். எதற்கு இவ்வளவு சிரமம்? மூலக்கதையில் கை வைக்காதே என்று கத்துகிறவர்களுக்கு மூலக்கதையையே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில், நாட்டிலேயே அழகி இவள்தான் என்று கண்ணாடி அறிவிக்கும்போது ஸ்னோ ஒயிட்டுக்கு வயது ஏழு. கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். முத்தம் கிடையவே கிடையாது. இளவரசனுக்கு ஸ்னோ ஒயிட் கிடக்கும் சவப்பெட்டியைப் பார்க்காமல் இருக்க முடியாதாம். அவன் போகிற இடமெல்லாம் வேலைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கடைசியில் ஒருவருக்குப் பொறுமை போய், செத்துப்போன ஒரு பெண்ணால் நாள் முழுக்க நமக்கு இந்தப் பாடா என்று முதுகில் ஒன்று வைக்கிறார். ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது, இளவரசி பிழைக்கிறாள். பின்னால் வந்த பதிப்புகளில் அடியை எடுத்துவிட்டு, பெட்டி தூக்குபவர் தடுக்கியதாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே இளவரசன் வேடத்துக்கு அழகன் யாரையும் தேட வேண்டாம். சம்பளம் பற்றாமல் எரிச்சலில் இருக்கும் ஒரு கூலியாள் போதும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஸ்டுடியோவுக்குள்ளேயே இல்லாமலா போவார்கள்?

‘நிஜ நடிகர்களை வைத்து’ என்று இப்போது விளம்பரம் செய்கிறீர்கள். முதல் தடவையும் அப்படித்தானே எடுத்தீர்கள்? 1937 படத்துக்காக மார்ஜ் பெல்ச்சர் என்ற பதின்வயது நடனக்காரியைக் கேமரா முன்னால் ஆடவும் ஓடவும் விட்டு, அந்தப் படச்சுருளைப் பார்த்துப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள். கார்ட்டூன் தலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணின் தலையில் ஃபுட்பால் ஹெல்மெட்டைக்கூட மாட்டிப் பார்த்தார்கள். சூடு தாங்காமல் கழற்றியாயிற்று. கூலி நாளுக்கு 10 டாலர். குரல் கொடுத்த அட்ரியானா கேசலோட்டிக்கு மொத்தம் 970 டாலர். திரையில் இரண்டு பேருடைய பெயரும் இல்லை. இவர்களைவிடப் பொருத்தமான ஸ்னோ ஒயிட் எனக்குத் தெரிந்து கிடையாது. இருவரும் இப்போது உயிரோடு இல்லை என்பது உங்களுக்கு ஒரு தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். பெயர் போடாவிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

குள்ளர்கள் விவகாரத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்திலும் குகைக்குள் ஏழு குள்ளர்களா என்று நடிகர் பீட்டர் டிங்க்ளேஜ் 2022இல் கேட்டார். நியாயமான கேள்வி. குள்ள உருவம் கொண்டவர்களோடு கலந்து பேசுகிறோம் என்றீர்கள். பேசி முடித்துவிட்டு ஏழு முகங்களையும் கணினியில் செய்துகொண்டீர்கள்! சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால் இலையையே எடுத்துவிடுவது எந்த ஊர்ப் பந்தி வழக்கம்? வேலை கிடைக்கும் என்று காத்திருந்த குள்ள நடிகர்களுக்கு வயிறு எரியாதா? க்ரம்பிக்குக் குரல் கொடுத்த மார்ட்டின் க்ளெப்பா அந்த உருவம் கொண்ட நடிகர்தான். முணுமுணுக்கும் குள்ளனாக அவரைத் தேர்ந்தெடுத்தது மட்டும் மிகப் பொருத்தம்.

அடுத்த முறை அந்த ஏழு வேடங்களையும் உங்கள் கணக்குப் பிரிவுக்கே கொடுத்துவிடுங்கள். தினமும் அதே சுரங்கத்துக்குள் போய், தாத்தா காலத்து வைரத்தையே தோண்டி எடுத்து, துடைத்து, புதுசு என்று வெளியே கொண்டுவர அவர்களைவிடப் பழகியவர்கள் யார்?

ராணிக்கு ஒரே நிபந்தனை, பொய்ப்பல். 1937இல் ராணிக்கும் கிழவிக்கும் குரல் கொடுத்தவர் லூசில் லா வெர்ன் ஒருவரே. கிழவியின் குரல் வேண்டும் என்றபோது வெளியே போய்ப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பேசினாராம். 2025இல் நீங்கள் ராணியாகப் போட்ட கால் கடோட்டின் பல்வரிசையில் அதற்கு வழியே இல்லை.

பெட்டி தூக்கும் வேலைக்காரர் வேடத்துக்கு இந்தக் கடிதத்தையே என் விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். தடுக்கி விழவும் வரும், முதுகில் ஒன்று வைக்கவும் வரும். நாளுக்கு 10 டாலரே போதும். ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எவ்வளவு பொடி எழுத்தானாலும், என் பெயர் வர வேண்டும். சம்மதமானால் ஒப்பந்தத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சவப்பெட்டி தூக்குபவர் – 3