கரடி பார்க்காத முகவரி

வா தம்பி, உட்காரு. மொன்டானாவுல இருந்து எங்க வயோமிங் வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. எல்க் மானுக்கு லைசென்ஸும் வாங்கிட்டே. ஆனா வாஷகி வனத்துக்குள்ள தனியா போவேன்னியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

நீ மலையிலேயே பிறந்து வளர்ந்தவன்தான், யாரு இல்லேன்னா? ஆனா எங்க சட்டத்துக்கு நீ வெளியூர்க்காரன். மத்திய அரசோட 1964 சட்டப்படி 'வில்டர்னஸ்'னு கோடு கிழிச்ச காட்டுல நீ எல்க்கோ கரடியோ சுடணும்னா, கூட ஒரு வழிகாட்டி வேணும். எல்லாம் உன் நன்மைக்குத்தானாம்! அதே சமயம், சையேன் நகரத்துல ஒரு வருஷம் வாடகைக்குக் குடியிருந்து, மலையை டிவியில மட்டும் பார்த்தவன் இருக்கான் பாரு, அவன் உள்ளூர்க்காரன். தனியா போகலாம். அவனுக்கு வழி தானா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு கேளு. அதே காட்டுக்கு நீ தூண்டிலோட போ, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பத்து நாள் கூடாரம் அடிச்சுக் கிட, கேக்க மாட்டாங்க. காட்டுக்கோழி சுடப் போனாலும் சரிதான். எல்க் துப்பாக்கியைத் தோள்ல மாட்டினாத்தான் உனக்கு வழி மறக்கும், கரடிக்கும் பசி எடுக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு சுட்டா அதுவும் இல்ல.

நிலம் வாஷிங்டன் மத்திய அரசோடது, அதாவது உனக்கும் பங்கு உண்டு. மிருகம் மாநிலத்தோடது. அந்த இடுக்குலதான் சட்டம் குதிரை கட்டியிருக்கு. குதிரைக்கு வாடகை ஆயிரக்கணக்கான டாலர். வழிகாட்டித் தொழில் பண்றவங்களுக்கு உன் உயிர் மேல அவ்வளவு கரிசனம்!

அலாஸ்காவுலயும் பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடுன்னா இதே கதைதான். அங்கயாவது ஊர்க்கார மச்சான் ஒருத்தன் இருந்தா போதும், பத்தொன்பது வயசு ஆகியிருக்கணும், அவ்வளவுதான். அக்காவைக் கட்டிக்குடுக்கும்போதே யோசிச்சிருக்கணும் நீங்க.

முகத்தைத் தொங்கப்போடாத. இங்கயும் ஒரு சந்து இருக்கு. என்னை மாதிரி உள்ளூர்க்காரன் இலவசமா ஒரு லைசென்ஸ் எடுத்து, வருஷத்துக்கு ரெண்டு வெளியூர்க்காரங்களைக் கூட்டிட்டுப் போகலாம். காசு மட்டும் தொடக்கூடாது. முழங்கால் வலியில அரை மைல்கூட நடக்காத கிழவனை நம்பிப் போறதுதான் சட்டப்படி உனக்குப் பாதுகாப்பு!

ஒரு இடத்தை மருமகன் பிடிச்சிட்டான். இன்னொண்ணு காலிதான். நாளைக்குப் பேசலாம். அதுவரைக்கும் சும்மாவா இருப்பே? கொல்லையில விறகு கிடக்கு. கூலின்னு நினைச்சிடாத, மலை ஏற ஒரு பயிற்சின்னு வச்சுக்க. கோடாலி கதவுக்குப் பின்னால இருக்கு.