மிளகாய்க்கு ஒரு கூரை

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் மிளகாய்ச் செடிக்கு வீடு கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. மானியத்தில் எழும்பிய பசுமைக்குடில். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்று வானம் ஓயாத ஊர். செடி நனையாது என்றார்கள். நனையவில்லைதான், வெந்தது. உள்ளே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவைக் கொட்டிவிடும். வலை தேனீயைத் தடுத்தது, காற்றையும் தடுத்தது. இலைப்பேன் மட்டும் எப்படியோ குடியேறிவிட்டது. சிலந்திப்பேனுக்கோ அந்தப் புழுக்கம் மாமியார் வீட்டு விருந்து. வாடல் நோய்க்கு அசையாத ‘உஜ்வலா’ ரகத்தைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. புழுக்கத்துக்கு அது என்ன செய்யும், பாவம்!

1956 நவம்பர் 1-இல் பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மிளகாய் மூட்டை அந்த எல்லைக்கோட்டை மதிப்பதேயில்லை; களியக்காவிளை வழியாக லாரி ஏறிக் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. குடில்காரர் வீட்டுச் சம்மந்தித் துவையல் அரைபடுவதும் அந்த மிளகாயில்தான்.

கொல்லையில் குருவி எச்சமிட்ட விதையிலிருந்து காந்தாரி மிளகாய் காய்த்துக் குலுங்குகிறது. அதற்கு நாடா வெட்டித் திறப்பு விழா நடத்த யாரும் வரவில்லை.