ஈஸ்டர் வாழ்த்தட்டைகளில் கோழி உரிமை மறுக்கப்பட்ட வரலாறு: ஓர் ஆய்வு

முதல் உலகப் போருக்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தபாலில் போய்வந்த ஈஸ்டர் பட அட்டைகளே இவ்வாய்வின் எல்லை. லில்லிப் பூ, ஆட்டுக்குட்டி, சிலுவை பற்றி இறையியலார் வேண்டிய மட்டும் எழுதிவிட்டபடியால் அவை விலக்கப்படுகின்றன. எஞ்சி நிற்பது ஒரே வினா: அந்த முட்டையை இட்டது யார்?

அட்டைகளின் சாட்சியம் முயலுக்கே சாதகம். கூடை சுமப்பது முயல். தூரிகை பிடித்து முட்டைக்கு வர்ணம் தீட்டுவது முயல். பிள்ளைகள் கையில் கொடுத்து நல்ல பெயர் வாங்குவதும் முயல். கோழி பல அட்டைகளில் படத்திலேயே இல்லை. ஒரு முட்டையிட்டு ஊரைக் கூட்டும் என்று பெயரெடுத்த பறவை, இங்கே கூடை கூடையாகக் குவிந்தும் வாய் திறக்காதது கவனிக்கத்தக்கது.

இல்லாத பொருளுக்கு நம் தருக்க நூலார் முயற்கொம்பைக் காட்டுவார்கள். ஜெர்மானியர்கள் ஒருபடி மேலே போய் முயல்முட்டையைக் காட்டினார்கள். 1682இல் ஹைடெல்பெர்க் மருத்துவப் பேராசிரியர் கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனாவ் ஈஸ்டர் முட்டை பற்றி லத்தீனில் மெய்யாகவே ஓர் ஆய்வேடு வெளியிட்டார். முயல் முட்டையிட்டுப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைக்கும் என்று அல்சாஸ் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதை அதில் பதிவு செய்திருக்கிறார். அவர் நம்பவில்லை. அட்டைக்காரர்கள்தான் நம்பியதுபோல் வரைந்தார்கள்.

முயல் ஒரு பழைய தேவதையின் வாகனம் என்று வாதிடுவோர் உண்டு. 725இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி, ஈஸ்டர் என்ற பெயருக்கு மூலமாக எயோஸ்த்ரே என்ற தேவதையின் பெயரைச் சொன்னது உண்மை. முயலைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அதைச் சேர்த்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றிருந்தார்கள்.

உண்மை எளிது. பழைய திருச்சபை விதிப்படி தவக்காலம் முழுவதும் முட்டை கூடாது. நோன்பு மனிதருக்குத்தான், கோழிக்கு யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. நோன்பு முடிந்தபோது வீடெல்லாம் முட்டை. ஆக, தயாரிப்பு கோழி. முயல் விநியோகஸ்தர் மட்டுமே.

சான்றுக்கு அக்காலத்து அட்டை வகை ஒன்று. முட்டை ஓடே வண்டி, உள்ளே வயலட் பூக்கள். நீல ரிப்பனில் பூட்டப்பட்டு இழுப்பவை கோழிக்குஞ்சுகள். கோட்டும் சாட்டையுமாக மேலே முயல். கண்ணை மூடித் தடவினாலும் விரலில் தட்டுப்படும்படி முட்டைக்குப் புடைப்பு அச்சு. வண்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சடித்த ஜெர்மன் அச்சகங்களின் கைவண்ணம் இது. அமெரிக்கக் கடைகளில் விற்றவற்றிலும் பெரும்பங்கு அங்கிருந்து கப்பலேறியதே. இத்தனை கல் தேய்த்தவர்களில் ஒருவருக்கும், குஞ்சுகள் இழுப்பது தம் உடன்பிறப்பு கிடந்த ஓட்டை என்று தோன்றாதது வியப்பே.

அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1907 மார்ச் வரை அமெரிக்க அட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டும்தான். சேதியை முன்பக்கத்தில், முயலின் காதுக்கும் அட்டையின் ஓரத்துக்கும் நடுவே நுணுக்கி நுணுக்கி எழுதவேண்டும். கோழிக்கு நன்றி சொல்ல இடம் ஏது?

பிரெஞ்சுக்காரர்களின் கட்சி இன்னும் விபரீதம். பெரிய வியாழனன்று ஓய்ந்த கோயில் மணிகள் ரோமுக்குப் பறந்துபோய், ஈஸ்டரன்று முட்டைகளோடு திரும்புகின்றனவாம். அவர்கள் அட்டைகளில் மணிக்குச் சிறகு முளைத்திருக்கிறது. வெண்கலம் முட்டை தரும் என்றுகூட ஒப்புக்கொள்வார்கள், கோழியை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மேலாய்வுக்குரிய களம்: சுவீடன் அட்டைகளில் துடைப்பமேறிப் பறக்கும் ஈஸ்டர் சூனியக்காரிகள் பூனையோடு காப்பிக் கெண்டியையும் எடுத்துச் செல்கிறார்கள். அவர்கள் கூடுமிடமான புளோகுல்லா மலை போய்ச் சேரும்வரை அந்தக் காப்பி ஆறாமல் இருக்குமா? நல்கைக் குழு ஒரு வெப்பமானியும் பயணப்படியும் வழங்கினால் நேரில் அளந்துவரலாம். துடைப்பத்துக்குத் தனியாகப் படி கோரப்படவில்லை.