வெயிலில் பார்த்தால்தான் தெரியும்

இந்த வரிகளை எழுதுகிற சமயத்தில் என் மேஜையின்மேல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே, 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ரவிக்கைத் துணியொன்று கிடக்கிறது. அதன் நிறம் யாது என்பதைப் பற்றிக் கடந்த வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. என் மனைவி அதை வெங்காயச் சருகு என்கிறாள். விற்றவன் ஆனியன் பிங்க் என்றான். இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொன்னதை இருவருமே ஏற்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகள் டஸ்டி ரோஸ் என்றாள். எனக்கோ அது நான் சிறுவயதில் பல் தேய்த்த கோபால் பல்பொடியின் நிறமாகவே தோன்றுகிறது. எது எப்படியாயினும், எந்தப் புடவைக்காக வாங்கப்பட்டதோ அந்தப் புடவையின் நிறம் அதற்கு இல்லை என்பதில் மட்டும் குடும்பத்தில் பூரண ஐக்கியம் நிலவுகிறது.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது இந்தத் துணியைப் பற்றியன்று. சிதம்பரம் கோயிலில் சிவகாமியம்மன் சந்நிதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி வாசகர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பது என் வெகுநாளைய சங்கல்பம். பிட்சாடனர் திருவோடேந்திப் புறப்பட்டதும், மோகினி வந்ததும், பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் குதிரை வாங்காமலே நின்றதும் அங்கே வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. இன்னது இன்னதென்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். கையில் பணத்தோடு கடைக்குப் போய், போன காரியம் நடவாமல் வேறு எதிலோ மாட்டிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்தச் சரித்திரத்தைப் போல் ஆறுதல் தருவது வேறில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தத் துணி இங்கே வந்த விருத்தாந்தத்தைச் சொல்லியாகவேண்டும்.

புதன்கிழமை இரவு, தோசைக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியா சட்னியா என்ற விவாதம் முடிவுக்கு வருகிற வேளையில், துணிகளுக்குச் சித்திரம் வரைகிற படிப்பைப் படித்துக்கொண்டிருக்கும் மேற்படி அண்ணன் மகள், “சித்தப்பா, நாளைக்கு ஒரு கிரியேட்டிவ் டே போலாமா? கொஞ்சம் ஆர்ட், கொஞ்சம் ஃபேப்ரிக், கொஞ்சம் பேஸ்ட்ரி” என்றாள். கோயில், ஜவுளிக்கடை, பலகாரம் ஆகிய மூன்றையும் ஒரே பஸ் செலவில் முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் சாமர்த்தியம் நம் தாய்மார்களுக்குப் பரம்பரையாக உண்டு. அதற்கு இத்தனை அழகான பெயர் இருந்தது அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிற ஒருவன் கலையையும் துணியையும் பேஸ்ட்ரியையும் ஒருங்கே நாடுவானாகில், வடக்கே பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போவதுதான் நியாயம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டி ருசி அங்கே இன்னும் இருக்கிறது, தூரமும் குறைவு. ஆனால் புதுச்சேரி போய்வந்த கடலூர்க்காரனைப் பார்த்து, “என்ன ரொட்டி சாப்பிட்டீர்?” என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை, சற்றுக் கிட்டத்தில் வந்து மூச்சை உள்ளிழுத்துப் பார்க்கிறார்கள். அறுபது வயதுக்குமேல் இந்தப் பரீட்சைக்கு உட்பட எனக்கு இஷ்டமில்லையாதலால் தெற்கே, சிதம்பரம் என்று தீர்மானமாயிற்று.

துணிக்காகக் கடலூரை விட்டுப் போவதென்பதே சரித்திரத்துக்கு விரோதமான காரியம் என்று நான் ஆட்சேபித்துப் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்ததே துணி வாங்கத்தான். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, சுற்றுப்புறத்தில் எதுவரை தனக்குச் சொந்தம் என்பதை நிர்ணயிக்கக் கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த இடம் வரையில் எல்லாம் என்னுடையது என்று அவன் எடுத்துக்கொண்டான். அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அக்கிரமம்தான், சந்தேகமில்லை. ஆயினும் கொடுக்கல் வாங்கலை ஒரே முடிவாக முடித்தானே, அந்த ஒரு குணத்தை மட்டும் வியாழக்கிழமை பதினொரு மணிக்குமேல் நான் மனமார மெச்சினேன். அவன் தன் மனைவியை அழைத்து வந்திருந்தால் கோட்டைச் சுவரின் நிறத்தை வெயிலில் பார்ப்பதற்குள் மராட்டியர் மனம் மாறியிருப்பார்கள்.

திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்தில் ஏறி, ஓ.டி. என்கிற பழைய கடலூரைக் கடந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று சுமார் 45 கிலோமீட்டர். வழி நெடுக என் மனைவியின் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் சில கேள்விகள் தாமாகவே உதிர்ந்துபோயின. சிதம்பரத்தில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். கோயில் நடை சாத்துவது பகல் 12 மணிக்கு. ஓவியத்துக்கு ஒன்றரை மணி, ஆனந்தமாகப் போதும் என்று நான் கணக்கிட்டுக்கொண்டிருக்கையில், “போற வழிதானே, ஒரு அஞ்சு நிமிஷம்” என்றாள் என் மனைவி. மஞ்சள் பையிலிருந்து ஒரு முழுப் புடவை வெளியே வந்தது.

சாம்பிளுக்கு ஓரத்தில் ஒரு நூல் கத்தரித்துக்கொண்டு வருவது நம் முன்னோர் வழக்கம். என் மனைவி அந்தக் கட்சியைச் சேர்ந்தவளல்ல. முழுப் புடவையும் வரவேண்டும். உடல் வேறு, முந்தானை வேறு, கரை வேறு. ரவிக்கை இவற்றுள் எதனோடு சேரவேண்டும் என்ற விவகாரம் கடையில்தான் தொடங்கவேண்டும். மேலவீதியில் நாங்கள் நுழைந்த முதல் மேட்சிங் சென்டரில் தரையிலிருந்து கூரை வரை துணி உருளைகள். நடுவே ஒரு பையன். அவன் முந்தானையை ஒருமுறை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, நிமிராமலே பின்னால் கைநீட்டி ஓர் உருளையை இழுத்து மேலே போட்டான். “கரெக்ட் மேட்ச்சும்மா.” என் கண்ணுக்கு அது சாக்ஷாத் அதே நிறம். “கொஞ்சம் டார்க்கா இல்ல?” என்றாள் என் மனைவி. அடுத்தது வந்தது. “இது வெளுப்பு.” அடுத்தது. “இதுல நீலம் ஓடுது.” அண்ணன் மகள் கண்ணை இடுக்கிக்கொண்டு, “ஆமா சித்தி, அண்டர்டோன் வேற” என்றாள். இந்தக் கட்சி சேர்க்கையை நான் எதிர்பார்க்கவில்லை.

நம் ஜவுளிக்கடை நிறங்களுக்குக் காய்கறியும் பறவையும் தெய்வமும் பேர் கொடுத்திருக்கின்றன: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து, கத்திரிப்பூ, வாடாமல்லி, அரக்கு. பாடியவரின் பேரால் வழங்குவது எம்.எஸ். புளூ ஒன்றுதான், எம்.எஸ். சுப்புலட்சுமி அந்த நீலத்தை உடுத்தப்போய் நீலமே அவர் பேரைச் சூட்டிக்கொண்டது. இத்தனை பேர்களும் மனப்பாடமாயிருந்தும், கையிலிருக்கும் புடவைக்கு மட்டும் இவற்றில் ஒன்றும் பொருந்தாது என்பதுதான் எந்தக் குடும்பத்திலும் நியதி. “அதுவும் இல்ல, இதுவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல” என்பார்கள். ரெண்டுக்கும் நடுவில் உள்ளதை நெய்கிற தறி உலகத்தில் இல்லை.

பிறகு அந்த வாக்கியம் பிறந்தது. “உள்ள டியூப்லைட்டுல ஒண்ணும் தெரியல. வெயில்ல பார்த்தாத்தான் தெரியும்.”

வாசகர்களில் எவரும் தம் வாழ்நாளில் இந்த வாக்கியத்துக்குத் தப்பியிருக்கமாட்டார்கள். பையன் உருளையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். என் மனைவி அதன் நுனியைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். இடையில் தொய்ந்த துணி தரையில் படாதபடி தாங்கிக்கொண்டு நான். கடைப் படிகளில் இறங்கி வீதிக்கு நாங்கள் வந்த கோலம், மார்கழியும் ஆனியும் தேரோடுகிற அந்த வீதிக்குப் பழக்கமான ஊர்வலம்போலத்தான் இருந்தது. சுவாமி மட்டும் இல்லை. ஒரு ஆட்டோ நின்றது. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “சேரல” என்றார். பூ விற்கும் அம்மாள் எழுந்து வந்து, சேருகிறது, ஆனால் இரவில் சேராது என்றார். அந்தச் சமயத்தில் ஒரு மேகம் சூரியனை மறைத்தது. மேகம் விலகட்டும் என்று என் மனைவி நின்றாள்; அவள் நின்றதால் நாங்கள் நின்றோம். உத்தியோக காலத்தில் மேலதிகாரிகளுக்காகவும், பஸ்ஸுக்காகவும், டாக்டருக்காகவும் நான் காத்திருந்ததுண்டு. ஒரு மேகத்துக்காகக் கையில் துணியோடு நடுவீதியில் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

மேகம் போயிற்று. சேரவில்லை. இரண்டாவது கடை. அங்கே உருளையை வெளியே தரமாட்டோம், ஒரு சாண் வெட்டித்தான் தருவோம் என்றார்கள். ஆறு சாண் வெட்டுப்பட்டது. மூன்றாவது கடை நிழல் பக்கம். ஆகையால் வீதியைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்ப் பார்த்து, மறுபடி வீதியைக் கடந்து வந்து சொல்லவேண்டும். நான்கு நடை நடந்தேன். நான்காவது கடையில், நான் வெகுநாளாக எதிர்பார்த்திருந்ததும் பயந்திருந்ததுமான அந்த இரண்டாவது வாக்கியம் பிறந்தது. “மொத கடையில மொதல்ல காட்டினானே, அதுவே தேவலை.”

முதல் கடைக்குத் திரும்பினோம். “எதும்மா பாத்தீங்க?” என்றான் பையன், எங்களை இந்த ஜன்மத்தில் பார்த்திராதவன்போல. அவன் எடுத்துக்கொடுத்தது முதலில் காட்டியதுதானா என்று எனக்கு இன்னும் சம்சயம். 80 சென்டிமீட்டர் வெட்டினான். வெட்டிய துணி திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தது.

என் மனைவியின்மேல் குற்றம் சுமத்துவதாக எண்ணவேண்டாம். இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் வேறொரு வெளிச்சத்தில் வேறாகவும் தோன்றுவது பௌதிக சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். வெயிலில் பார்த்தால்தான் தெரியும் என்பது சாஸ்திரோக்தமானது. அதோடு, ஆண்மக்கள் எப்படி வாங்கவேண்டும் என்று காட்டுவதற்காக இரண்டே நிமிஷத்தில் அதே வீதியில் நான் வாங்கிய ஒரு துண்டு, முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டு என் மூன்று பனியன்களுக்குச் சந்நியாசம் கொடுத்துவிட்டது. எனக்கு வருத்தமெல்லாம் வேறு. மணி பன்னிரண்டே கால்.

நடை சாத்தியிருந்தது. மாலைதான் திறப்பார்கள், நாங்களோ மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும், அண்ணன் மகளுக்கு இரவு சென்னை வண்டி. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஆதனூரில் ஏங்கியிருந்த நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பேராயிற்று. அவரைத் தடுத்தது ஜாதி என்ற மகாபாதகம். 45 கிலோமீட்டர் பஸ் தூரத்தில் வீடிருந்தும் வருஷக்கணக்காய் என்னைத் தடுப்பது ரவிக்கைத் துணி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாயிருந்தது. “நீங்க அந்த ஓவியங்களைப் பார்த்திருக்கீங்களா சித்தப்பா?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் சற்று நேரம் நாயக்கர் கால வண்ணங்களைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினேன். “பார்த்திருக்கீங்களா?” என்று மறுபடியும் கேட்டாள். தற்காலப் படிப்பில் மரியாதை குறைவு.

கோபுர வாயிலில் மட்டும் சற்று நின்றோம். இருபுறச் சுவர்களிலும் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காய் நாட்டியப் பெண்கள். பரத சாஸ்திரத்தின் 108 கரணங்கள். ஒருத்தி காலைத் தலைக்குமேல் தூக்கியிருந்தாள். தூக்கிய பாதத்தில் யாரோ வைத்த குங்குமம் எண்ணெயோடு கறுத்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இதே கரணங்களைச் சிவனே ஆடுவதாகச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்து, மீதி 27 கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. சிற்பியின் மனைவி அன்று காலை “போற வழிதானே” என்றிருப்பாள் என்பது என் துணிபு. இங்கே நூற்றெட்டும் முடிந்திருக்கின்றன. அந்த நாட்டியப் பெண்கள் ரவிக்கை அணிவதில்லை என்பதையும் கவனித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேஸ்ட்ரி விஷயம் சுருக்கமானது. அண்ணன் மகள் கிராஸான் கேட்டாள், பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்து, எக் பப்ஸ் இருக்கிறது என்றார். ஒன்றானாலும் பப்ஸ், பத்தானாலும் பப்ஸ். கடித்த மாத்திரத்தில் அதன் மேலேடுகள் சருகாய் உதிர்ந்து வேட்டியில் பாதியும் சட்டைப்பையில் பாதியும் விழுந்தன. உள்ளே அரை முட்டை, மறு பாதி எவருடைய பப்ஸிலோ. சிதம்பரம் வரை வந்து, சுட்ட கத்திரிக்காயும் வறுத்த தனியாவும் மணக்கிற கொத்சைத் தொடாமல் போவதா என்று ஓர் ஓட்டலில் நுழைந்தோம். கொத்சு தீர்ந்துவிட்டது, சாம்பார் இருக்கிறது என்றார்கள்.

வீடு வந்து, மாலை ஐந்தரை மணி வெயிலில், மாடியில் விரித்துப் பார்த்தாயிற்று. சேரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகலாமாம், போகிற வழிதானாம்.

அதற்குள் சிதம்பரம் போகிற வாசகர்கள் எவரேனும் இருப்பின், காலையிலேயே போய், மேலவீதிப் பக்கம் திரும்பாமல் நேரே சிவகாமியம்மன் சந்நிதிக்கு நடந்து, விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த ஓவியங்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.