பெங்களூர்ல பாதி விலை

"எவ்வளவு குடுத்தீங்க?" என்பார் நம்ம ஆள் ஒருவர். சொல்லிவிடாதீர்கள். சொன்னால் 'ச்சு' கொட்டிவிட்டு, "பெங்களூர்ல பாதி விலை" என்பார். சொந்த ஊர் பாரூர். பிழைப்பு ஓசூரில். ஆனால் ஹெல்மெட், குக்கர் கேஸ்கெட், மகளுக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்தான். பச்சைமிளகாய்கூட மடிவாளாவில் மலிவாம். அது பாகலூர்த் தோட்டத்திலிருந்து வண்டியேறிப் போன மிளகாயாகவே இருக்கும் என்றால் காதில் ஏறாது.

எங்கள் டூல்ரூமில் டை டிசைன் போடுகிற பழைய டெல் டி3500 பெட்டி 6 ஜிபியோடு முக்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ராம் விலை கேட்டு வந்ததை இவர் காதுபடச் சொன்னது என் தப்பு.

"பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல பாதி விலை சார். நான் வாங்கியாறேன்."

முதல் சனிக்கிழமை வாங்கி வந்தது லேப்டாப் ராம். விலை பாதிதான், நீளமும் பாதி. அடுத்த வாரம் டிடிஆர்4. வெட்டு இடம் மாறியிருக்கிறது, இது 288 பின், நம்முடையது 240 என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "கொஞ்சம் அழுத்துனா உக்காந்துரும்" என்று கட்டைவிரலை வைத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன்.

மூன்றாவது தடவை துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தேன்: டிடிஆர்3, இசிசி, அன்பஃபர்டு, 4 ஜிபி, மூன்று. மூன்று மூன்றாகப் போட்டால்தான் அந்தப் பெட்டிக்கு முழு வேகம். மூன்றும் வந்தன, ஏதோ சர்வரில் கழற்றியவை.

"நீங்க கேட்ட இசிசி இருக்கு சார். அதுக்கு மேல ரெஜிஸ்டர்டுன்னு எக்ஸ்ட்ராவா வேற குடுத்திருக்கான்!"

அந்த எக்ஸ்ட்ராதான் எமன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் அமாவாசை. "தூசி சார்" என்று மகளின் பென்சில் ரப்பரை எடுத்து, தங்கப் பல்வரிசையை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். குழந்தைக்குப் பல் விளக்கிவிடுகிற பதவிசு. அதைப் பார்த்தபிறகு எப்படித் திட்டுவது?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வாரம் டிராயிங் நின்றது. கஸ்டமரிடம் ஏச்சு வாங்கியவன் நான். கழற்றிய சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது. போக வர பஸ், அவர் தின்ற மசால்தோசை, எல்லாம் என் கணக்கு. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் கடையிலேயே கேட்ட விலைக்கு வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக மாட்டிவிட்டு, பில்லைக் கிழித்துப்போட்டேன்.

ஜூன் மாதம். பாரூர்த் தோப்பிலிருந்து ஒரு பை மாங்காயோடு வந்தார். எல்லாம் பெங்களூரா ரகம், கூழ் ஃபேக்டரிக்குப் போவது. முகம் தொங்கியிருந்தது.

"இந்த வருசம் என்ன விலை?" என்றேன்.

"போன வருசத்துல பாதி சார்."

'ச்சு' கொட்ட வாய் வரை வந்தது. பையை வாங்கிக்கொண்டேன்.