ஃபோல்டர் ஒப்பனையியல்: ஒரு முன்னாய்வு

கணினித் திரையில் ஃபோல்டருக்கு நிறமும் படமும் மாற்றுவோர் அனைவரும், "தேடும்போது சட்டென்று கண்ணில் படும்" என்றே காரணம் சொல்வர். இது பொய்க்காரணம், அலங்கார ஆசையை அலுவலக வேலையாகக் கணக்குக் காட்டும் உத்தி. இதுவே இவ்வாய்வின் துணிபு.

விண்டோஸ் ஃபோல்டர் பிறவியிலேயே மஞ்சள். மஞ்சள் மங்கலம் என்பதால் இந்நிறம் அமைந்தது என்பர் ஒரு சாரார். ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் இடுவதைச் சான்றாகவும் காட்டுவர். அக்கூற்று பொருந்தாது. அமெரிக்க அலுவலகங்களில் புழங்கிய தாள் உறைகள் ஒருகாலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நாரால் ஆனவை. பின்னாளில் மரக்கூழுக்கு மாறியபோதும் அந்த வெளிர்மஞ்சளை உறைகள் விடவில்லை. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி அலுவலக மேசையைத் திரையில் வரைந்தபோது உறையும் கூடவே ஏறியது, கறுப்பு வெள்ளையில். பின்னர் விண்டோஸ் வண்ணம் பூசியபோது பழைய தாளின் சாயலே வந்தது. நிற்க. மணிலா நார் தரும் அபாக்கா மரம் நம் வாழையின் நெருங்கிய சொந்தம். இரண்டும் முசா என்ற ஒரே பேரினம். மஞ்சளும் வாழையும் சேர்ந்துவிட்ட பிறகு மங்கலக் கட்சியாரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வது?

இனி ஒப்பனை முறை. வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான். உடனே ஷெல்32.டிஎல்எல் என்னும் கோப்பிலிருந்து சாவி, நட்சத்திரம், பூதக்கண்ணாடி எல்லாம் வரிசைகட்டி நிற்கும். நடுவே ஒரு மரமும் நிற்கும். வருமான வரி ஃபோல்டருக்கு மரம் வைத்தவர்களை இக்கட்டுரையாளர் அறிவார்; காரணம் கேட்டால் "சும்மா, நல்லாருந்துது" என்பதே விடை. துணிபுக்கு இதைவிட வலுவான சான்று அரிது.

ஃபோல்டரோ உள்ளபடி மாறுவதே இல்லை. டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்றொரு சின்னஞ்சிறு கோப்பு மறைவாக உள்ளே அமர்ந்து, படம் எங்கே இருக்கிறது என்று ஓரிரு வரிகளில் சொல்கிறது. அதைப் படிக்க வேண்டும் என்று கணினிக்கு உணர்த்துவதற்காக ஃபோல்டரின் மேல் 'ரீட் ஒன்லி' முத்திரை விழுகிறது. முத்திரை அப்படிச் சொன்னாலும் உள்ளே எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். ஒரு தடையும் இல்லை. நெட்டில் இறக்கிய படத்தை வைத்திருந்தால் பென்டிரைவில் ஏறி இன்னொரு கணினிக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும், படம் பழைய கணினியின் சி டிரைவிலேயே தங்கிவிடுவதால். மரம் மட்டும் எங்கும் தழைக்கும். ஷெல்32 எல்லா விண்டோஸிலும் உண்டு.

சாமி படம் வைப்போர் தனி ஆய்வுக்குரியவர். ஐகான் கோப்பில் 256-க்கு 256 புள்ளிவரை இடமுண்டு; பெரிதாகப் பார்க்கையில் ஆறுமுகன் அருள்பாலிப்பான். லிஸ்ட் வியூவுக்கு மாறினால் 16-க்கு 16. ஆறு முகம், பன்னிரு கை, வேல், மயில், இருபுறமும் தேவியர் அனைவரும் மொத்தம் 256 புள்ளிகளுக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டும். கிடைப்பது ஒரு காவிக் கறை. பக்கத்து ஃபோல்டரின் பிள்ளையாரும் அதே கறை.

2021-இல் விண்டோஸ் 11, டவுன்லோட்ஸ், மியூசிக் முதலியவற்றுக்குத் தானே தனித்தனிக் கோலம் தந்தது. 2025-இல் மேக்கின் டஹோ பதிப்பு நிறத்தோடு எமோஜியும் ஒட்ட வழிசெய்தது. இவ்வளவு வசதிக்குப் பிறகும் அவசரத்துக்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால் ஒப்பனையாளர் செய்வதென்ன? தேடல் பெட்டியில் பெயரை அடிக்கிறார். விண்டோஸின் அந்தப் பெட்டி பெயரைப் பார்க்கும். சிவப்பா பச்சையா என்று கேட்காது.

மாற்றுக் கட்சியார் இதற்கு விரிவான மறுப்பு எழுதவிருப்பதாகக் கேள்வி. அதை வைக்கப்போகும் ஃபோல்டருக்கு இன்னும் பொருத்தமான ஐகான் அமையவில்லையாம்.